பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்

பரீட்சைக்கு முந்தின வாரம் பாராமெடிக்கல் மாணவர்கள் விழுந்து விழுந்து படிப்பார்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். நாங்கள் அந்த வாரம் முழுக்கக் கையெழுத்து வாங்குகிறோம்.

லாக் புக் என்று ஒரு தடித்த நோட்டு உண்டு. வார்டில் எதைச் செய்தோம், எதைப் பார்த்தோம், எந்தத் தேதி, யார் மேற்பார்வை என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரின் கையெழுத்து இருக்க வேண்டும். அது இல்லாமல் செய்முறைத் தேர்வுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. ஐப்பசி மழையில் எடுத்த இ.சி.ஜி.க்கும், அதற்கும் முன்னால் கூட நின்று பார்த்த தையலுக்கும் இந்த வாரம்தான் கையெழுத்து விழுகிறது. டூட்டி டாக்டர் ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு நடக்கிற நடையில் நோட்டைத் திறந்து நீட்டியபடி கூடவே ஓடுகிறோம். அவர் பக்கத்தைப் படிப்பதில்லை. படிக்க அவருக்கு நேரமும் இல்லை. அந்தக் கட்டங்களில் நாங்கள் கையால் செய்ததும் உண்டு, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்ததும் உண்டு, அன்றைக்கு அந்த வார்டில் நடந்தது என்று கேள்விப்பட்டதும் உண்டு. மூன்றுக்கும் ஒரே கையெழுத்துதான்.

நான் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி மூன்றாம் ஆண்டு மாணவி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற படிப்பு. மூன்று வருடம் வகுப்பும் வார்டும், பிறகு ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். வீடு தச்சநல்லூரில், சந்திமறிச்சம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறாள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். டாக்டர் சீட்டுக்கு மார்க் எட்டாமல், ஆனாலும் ஆஸ்பத்திரி வேலைதான் வேண்டும் என்று பிடிவாதமாக வந்தவர்கள். எனக்கு இந்தப் படிப்பு பிடித்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. துணை மருத்துவம் மற்றும் உடல்நலத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதுவரை செவிலியருக்குக் கவுன்சில் இருந்தது, மருந்தாளுநருக்கு இருந்தது, எங்களைப் போன்றவர்களுக்கு நாடு முழுவதற்கும் பொருந்துகிற எதுவும் இல்லை. இந்தச் சட்டம் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பெயர் சொல்லி அட்டவணையில் சேர்த்தது. அதில் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பரும் இருக்கிறார். மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், பதிவேடு, ஒரே மாதிரிப் பாடத்திட்டம் எல்லாம் அதில் உண்டு. படிப்பின் அளவையும் மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறது. துணை மருத்துவத் தொழிலர் என்றால் குறைந்தது 2,000 மணி நேரம். உடல்நலத் தொழிலர் என்கிற மேல்நிலைக்கு 3,600 மணி நேரம்.

அதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சியாக இருந்தது. எங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்கிற மகிழ்ச்சி. ஆனால் வார்டில் நின்றுகொண்டே யோசித்தால் ஒரு கேள்வி வருகிறது. அந்த மணி நேரங்களுக்குள் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது?

ஒரு நாள் டூட்டியைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். தச்சநல்லூரில் பஸ் ஏறி, ஜங்ஷன் கடந்து, சுலோச்சன முதலியார் பாலத்தில் ஆற்றைத் தாண்டிப் போவதற்குள் கேள்வித்தாளில் இரண்டு பக்கம் புரட்டிவிடலாம். போனதும் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ரிசல்ட் வாங்கி வருவது, ஸ்கேனுக்கு நோயாளியைக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பது. இதில் எந்த வேலையும் கேவலம் இல்லை. முதுகெலும்பு அடிபட்டவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவது பெரிய வித்தை. தலையைப் பிடிக்கிற ஆள்தான் எண்ணிச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அந்தச் சொல்லுக்குத்தான் புரட்ட வேண்டும், கழுத்து உடம்போடு ஒரே கோட்டில் திரும்ப வேண்டும். அதை ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் வாழ்நாள் முழுக்க மறக்காது. யாரும் சொல்லாமல் மாதக்கணக்கில் ஸ்ட்ரெச்சர் தள்ளினால் கை வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் இரண்டும் "கிளினிக்கல் போஸ்டிங்" என்ற ஒரே தலைப்பில், ஒரே மணிக்கணக்கில்தான் ஏறுகின்றன.

பரீட்சை வாரத்திலும் இந்த டூட்டி நிற்பதில்லை. ஆள் குறைவு என்கிறார்கள். அதுவும் பொய் இல்லை. நான் பார்த்த ஸ்டாஃப் நர்ஸ்கள் சாப்பிடவும் நேரமில்லாமல் ஓடுகிறவர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆள் குறைவை மாணவர்களை வைத்து நிரப்பலாம் என்று ஆஸ்பத்திரிகள் பழகிக்கொண்டதுதான் வருத்தம். நைட் டூட்டி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால் அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே, "ஏட்டி, ரெண்டு இட்லிய பிச்சு வாயில போட்டுட்டாவது படு. புஸ்தகம் எங்கயும் போயிராது" என்பாள். புத்தகம் போகாதுதான். பரீட்சை வந்துவிடுமே.

மூன்று மணிக்குமேல் எழுந்து உட்கார்ந்தால் கையில் இருப்பது பழைய கேள்வித்தாள்களின் ஜெராக்ஸ் கட்டு. எந்த வருடம் எது வந்தது, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று சீனியர்கள் பென்சிலால் குறித்து வைத்தது. தீக்காயத்துக்குத் திரவம் எவ்வளவு என்று கணக்கிடுகிற பார்க்லேண்ட் சூத்திரம் எப்போதும் வரும். உடல் எடையையும் வெந்த பரப்பின் சதவீதத்தையும் நான்கு மில்லியால் பெருக்கி, அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். கிளாஸ்கோ கோமா ஸ்கேல் கட்டாயம் வரும். 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரண்டு டாக்டர்கள் வகுத்தது. கண்ணுக்கு நான்கு, பேச்சுக்கு ஐந்து, அசைவுக்கு ஆறு, ஆகக் கூடுதல் 15, ஆகக் குறைவு 3. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் பைக்கிலிருந்து விழுந்து, வாயெல்லாம் மது வாடையோடு, கூப்பிட்டால் திட்டுகிற ஒருவர் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது அவருக்கு எத்தனை போடுவது? திட்டுவது தெளிவான பேச்சா, குழம்பிய பேச்சா? நகக் கண்ணில் எவ்வளவு அழுத்த வேண்டும்? கையை உதறுகிறாரா, வலிக்கிற இடத்தைத் தேடி வந்து தட்டிவிடுகிறாரா? அந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த ஆஸ்பத்திரியில் டாக்டர் முடிவெடுப்பார். அரை மணி கழித்து எண் இரண்டு குறைந்தால் தலைக்குள் ரத்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். முதல் எண்ணே தப்பாக இருந்தால் குறைந்தது யாருக்குத் தெரியும்? இதை அட்டவணை மனப்பாடம் சொல்லித் தராது. அனுபவப்பட்ட ஒருவர் பக்கத்தில் நின்று, "நீ எவ்வளவு போடுவ? ஏன்?" என்று கேட்டால்தான் வரும்.

இந்த வாரத்தில் எனக்கு அப்படி ஒரு பாடம் கிடைத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிசானப் பயிர் கதிர் வாங்கி நிற்கிற நேரம் இது. ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போன ஒரு விவசாயியைச் சீவலப்பேரிப் பக்கத்திலிருந்து கூட்டிவந்தார்கள். கணுக்காலில் கடி. முழங்காலுக்குக் கீழே சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கால் கறுத்து வீங்கத் தொடங்கியிருந்தது. அவர் மனைவி எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "எம்மா, அவியள பாருங்கம்மா, பல்லு ஓரமா ரத்தம் வருது" என்றார். எங்கள் நூலில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு பாம்புக்கும் அட்டவணை இருக்கிறது. ஈறில் ரத்தம் என்றால் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ என்பது எனக்குத் தெரியும். அடுத்து என்ன செய்வது என்பதும் ஏட்டளவில் தெரியும்.

வயதில் மூத்த ஒரு ஸ்டாஃப் அக்கா அங்கே இருந்தார். ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, என் கையில் கொடுத்தார். "மேசையில வை. இருபது நிமிசம் தொடாத. யாரையும் தொட விடாத" என்றார். பிறகு வேலை செய்துகொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டார். குழாய் ஏன் கண்ணாடி? பிளாஸ்டிக்கில் ரத்தம் சரியாக உறையாது, நல்ல ரத்தமும் கெட்டது மாதிரி காட்டிவிடும். ஏன் புதுக் குழாய்? சோப்பு போட்டுக் கழுவின குழாயிலும் அதே தப்பு நடக்கும். இடையில் ஏன் ஆட்டக் கூடாது? காலில் இருக்கிற கட்டை ஏன் உடனே அவிழ்க்கக் கூடாது? விஷ முறிவு மருந்தும் டாக்டரும் தயாராக இல்லாமல் அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் ஒரேயடியாக உடம்பில் பரவும். இருபது நிமிடம் ஆனதும், "இப்ப ஒரே ஒரு தடவ சாய்" என்றார். சாய்த்தேன். ரத்தம் தண்ணீராக வழிந்தது. உறையவே இல்லை. டாக்டரிடம் ஓடிச் சொன்னேன். மருந்து ஏறத் தொடங்கியது. மறுநாள் அந்த விவசாயி கண் விழித்துப் பேசினார்.

அந்தப் பரிசோதனையைப் பற்றி இந்த வருடத் தாளில் கேள்வி வந்தால் ஒரு பக்கம் எழுதுவேன். வராவிட்டாலும் எனக்கு அது தெரியும். பாம்புக்கடியை 2024 நவம்பரில் தமிழக அரசு கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமிரபரணி கரையில் இரண்டு போகமும் வயலில் இறங்குகிற மக்களுக்கு இது எவ்வளவு வேண்டிய ஏற்பாடு! அந்த மக்களை முதலில் தொடப்போகிற கை எங்களுடையது. அந்தக் கைக்குப் பாடம் கிடைப்பது, நல்ல மனம் உள்ள ஒரு ஸ்டாஃப் அக்கா அன்றைய ராத்திரி டூட்டியில் இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்து இருக்கிறது. அவருக்கு என்னைப் பயிற்றுவிப்பது வேலை இல்லை. அதற்கென்று சம்பளமோ நேரமோ பெயரோ கிடையாது. என் லாக் புக்கில் அவர் கையெழுத்துப் போட இடமும் இல்லை. அந்தக் கட்டத்துக்கு இன்னொருவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் துறையின் பாடநூல்களில் பெயர் பெற்றது ஒன்று, "எமர்ஜென்சி கேர் இன் தி ஸ்ட்ரீட்ஸ்". எழுதியவர் நான்சி கரோலின் என்ற டாக்டர். அந்தப் புத்தகம் வந்த வழியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் குறை என்ன என்பது எனக்குத் துல்லியமாகப் புரிந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1960-களில் நோயாளிகளைப் போலீஸ் வேனில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோவார்கள். வழியில் கவனிக்க ஆள் கிடையாது. 1967-ல் அங்கே ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை பிறந்தது. ஆள் எடுத்தது ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்களின் பகுதியிலிருந்து. வேலை இல்லாமல் இருந்தவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட அதில் இருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சியை வகுத்தவர் பீட்டர் சாஃபர். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை நிலைநாட்டிய மருத்துவர். பின்னால் பொறுப்புக்கு வந்த கரோலின், தானே ஆம்புலன்ஸில் ஏறிக் கூடப் போனார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், திருத்தினார். அப்படித் தேறியவர்களைத்தான் நவீன பாராமெடிக்குகளின் முன்னோடிகள் என்று இன்று உலகம் சொல்கிறது. அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி மணிக்கணக்கில் எங்களுடையதைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் ஒவ்வொரு மணியிலும் கற்பிக்க ஓர் ஆள் இருந்தார்.

சாஃபரின் தூண்டுதலால் நார்வேயில் பொம்மை செய்கிற லார்டால் என்பவர் 1960-ல் ஒரு பெரிய பொம்மையைச் செய்தார். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துப் பழகுவதற்கான பொம்மை. அதன் வழி வந்தவைதான் இன்று உலகமெங்கும் பயிற்சிக் கூடங்களில் இருக்கின்றன. எங்களுக்கும் ஒன்று உண்டு. அதில் நெஞ்சை அழுத்திப் பழக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளே "டிக்" என்று சத்தம் வரும். இரண்டு நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். அப்போது ஆள் மாற வேண்டும் என்பதே பாடம். ஆனால் ஸ்கில் லேப் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி ஆபீசில். பொம்மை பழுதானால் யார் பொறுப்பு என்ற பயம். இந்த வாரம் நானும் என் தோழியும் எங்கள் வீட்டுத் திண்ணையில் தலையணையை அழுத்திப் பழகினோம். தலையணை ஆழம் சொல்லாது.

வேலை செய்தால்தானே கற்றுக்கொள்ள முடியும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொகுசு தேடுகிறார்கள் என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. வேலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நைட் டூட்டியும் வேண்டும், கூட்டமும் வேண்டும், ரத்தமும் வேண்டும். இதில் பயந்து ஒதுங்குகிறவள் இந்தப் படிப்புக்கே வந்திருக்க மாட்டாள். என் அம்மா படிக்காதவள். தினமும் பீடியைக் கடைக்குக் கொண்டுபோகிறாள். செக்கர் அன்றைக்கே கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்து, எதனால் கழித்தேன் என்று முகத்துக்கு நேரே சொல்லி, பாஸ் புத்தகத்தில் அப்போதே பதிகிறார். பீடிக்கு இருக்கிற அந்த அன்றாடக் கணக்கு, நாளை ஒரு மனிதனின் மூச்சுக்குழாயைக் காப்பாற்றப் போகிற பிள்ளைக்கு இல்லை.

பிரிட்டனில் பாராமெடிக் என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். பதிவு பெறாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே மாணவர் ஆம்புலன்ஸில் போனால் அவரைப் பணியாளர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அவர் கூடுதல் ஆள். கூடவே பயிற்றுநர் ஒருவர் இருப்பார். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை என்பார்கள். நம் 108 சேவையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதில் வருகிற மருத்துவ உதவியாளர்கள் நர்சிங், லேப் டெக்னீசியன், உயிரியல் பட்டம் என்று பல படிப்புகளிலிருந்து வருகிறார்கள். அவர்களை நேரே வண்டியில் ஏற்றி அனுப்புவதில்லை. தனியாகப் பயிற்சி கொடுத்து, பழகவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். நம்மூரில், நம்முடைய பணத்தில் நடக்கிற காரியம்தான் இது. அதற்கென்றே மூன்று வருடம் படிக்கிற எங்களுக்கு ஏன் முடியாது?

விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கிற "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. மதுரை ரோட்டில் ராத்திரி நடக்கிற விபத்துகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தனியார் ஆஸ்பத்திரி வாசலில் "முதலில் பணம் கட்டுங்கள்" என்று நிறுத்தி வைக்கிற கொடுமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கின்றன. ஆனால் 48 மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு மணியில் ஆளைத் தொடுகிற கையில் செலவிட மறந்தால், மீதி நேரத்துக்குக் கொடுக்கிற பணம் எந்த அளவுக்குப் பலன் தரும்?

நான் கேட்பது பெரிய செலவு வைக்கிற காரியம் இல்லை. மாணவர்களை அனுப்புகிற ஒவ்வொரு வார்டிலும், ஒவ்வொரு ஷிஃப்டிலும், கற்பிப்பதற்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அது டாக்டராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எனக்குக் கண்ணாடிக் குழாயைக் கொடுத்த அந்த ஸ்டாஃப் அக்காவைப் போன்றவர்கள் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு அவர்களுக்கு ஒரு படியும் கொஞ்சம் நேரமும் கொடுங்கள். லாக் புக்கில் அவர்களே, அன்றைக்கே கையெழுத்துப் போடட்டும். செய்தாள், பார்த்தாள், செய்யத் தெரியவில்லை, மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதட்டும். "தெரியவில்லை" என்று எழுதியிருக்கிற லாக் புக்கைத்தான் நான் நம்புவேன். தேர்வுக்கு முந்தின ஒரு வாரம் டூட்டி வேண்டாம். அந்த வாரம் ஸ்கில் லேப் காலையிலிருந்து ராத்திரி வரை திறந்திருக்கட்டும்.

சட்டம் 3,600 என்று எழுதியிருக்கிறது. கற்பிப்பவர் இல்லாத மணி நேரம் அந்தக் கணக்கில் சேராது என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும், மற்றதைக் கல்லூரிகள் தாங்களே செய்துகொள்ளும். அந்த வரியை எழுத அதிகாரம் இருப்பது ஆணையத்துக்கும், மாநிலக் கவுன்சிலுக்கும், கிண்டியில் இருக்கிற எங்கள் பல்கலைக்கழகத்துக்கும்தான். நான் இன்டர்ன்ஷிப்புக்குப் போய்விடுவேன். எனக்குப் பின்னால் முதல் வருடத்தில் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் வார்டு போஸ்டிங்குக்குப் போவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.